மோரிஸ் மைனரில் புகைக் கசிவு: பேஸ்ட்டுக்கு முன் குழாயின் பிடிமானத்தைப் பாருங்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா வைத்திருந்த மோரிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் இருக்கிறது. மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் குழாய் இறங்கும் இணைப்பில் புகை கசிகிறது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை கசிவை அடைக்கும் பேஸ்ட் பூசினார்கள், நிற்கவில்லை. இனி வெல்டிங்தான் என்கிறார்கள். செய்யலாமா?"

வெல்டிங் வேண்டாம். எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. சரியாகச் சூடேற்றாமலும் மெதுவாக ஆறவிடாமலும் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். இந்த வண்டியில் காற்று உள்ளே போகும் பகுதியும் புகை வெளியேறும் பகுதியும் ஒரே வார்ப்பு. ஒன்று போனால் இரண்டும் போச்சு.

முதலில் கசிவு அங்கேதானா என்று உறுதி செய்யுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைகிறதா? ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'பட் பட்' என்று வெடிக்கிறதா? இரண்டும் கசிவின் அடையாளம். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் இடமும் தெரிந்துவிடும். கரி மேலே, எஞ்சின் ஹெட்டை ஒட்டி இருந்தால் அது மேனிஃபோல்டு காஸ்கெட், அதாவது இணைப்பின் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு. அந்த வேலை வேறு.

நீங்கள் சொல்லும் இணைப்பில் காஸ்கெட்டே கிடையாது. குழாயின் விரிந்த வாய் மேனிஃபோல்டின் வாயில் நேராக உட்கார, இரண்டு பாதி கிளாம்ப் அதை இறுக்கிப் பிடிக்கிறது. பேஸ்ட் அங்கே வெறும் துணைதான். சூட்டில் அது கல்லாக இறுகிவிடும், வளையாது. எஞ்சினோ ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும். குழாயும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதற்காகத்தான் கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு பிராக்கெட் வைத்திருக்கிறார்கள். அது உடைந்தோ காணாமலோ போயிருந்தால் குழாயின் பாரமும் ஆட்டமும் முழுவதும் அந்த ஒரு இணைப்பில் இறங்கும். எத்தனை முறை பூசினாலும் விரிசல்தான். உங்கள் வண்டியிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குழாயைப் பாருங்கள். எஞ்சின் ஒரு பக்கமும் குழாய் ஒரு பக்கமும் போனால் சந்தேகமே இல்லை. மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

வேலைக்கு முந்தின இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். டர்பன் கடல் காற்றில் அவை சும்மா வராது. வண்டியைத் தூக்கி, பாரம் தாங்கும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கிளாம்ப்பைக் கழற்றி, இரண்டு வாய்களையும் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேயுங்கள். குழாயின் வாய் நெளிந்தோ அரித்தோ இருந்தால் குழாயையே மாற்றுங்கள்.

கிளாம்ப்பைக் கவனமாகப் பாருங்கள். இறுக்கிய பிறகும் இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பாதிகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் குழாயின் மேல் பிடி ஏறாது. அப்படியிருந்தால் புது கிளாம்ப் வாங்குங்கள்.

பேஸ்ட் மெல்லிசாகப் போதும். எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் இழுபடாமல் இயல்பாக உட்காரவிடுங்கள். அப்புறம் மேனிஃபோல்டு கிளாம்ப், அடுத்து கியர்பாக்ஸ் பிராக்கெட், பின்பக்கம் கடைசி என்று இறுக்குங்கள். பேஸ்ட் டப்பாவில் சொன்னபடி வெளியே வைத்து மெதுவாக ஓடவிட்டு, நன்றாக ஆறிய பின் கிளாம்ப்பை ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

வேலை முடியும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தூரம் போகாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பது தீர்வாகாது. மைனரில் கியர் கம்பியும் பெடல்களும் தரை வழியாக வருவதால், அந்த ஓட்டைகளை மூடும் ரப்பர் கிழிந்திருந்தால் புகை நேராக உள்ளே ஏறும். இந்த வாரமே அவற்றைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.