மூச்சை அடக்காதீர்கள், விடுங்கள்

கேள்வி: 42 வயதில் நீச்சல் பழகுகிறேன். ஒரு மாதமாகியும் நான்கைந்து கைவீச்சிலேயே மூச்சு முட்டுகிறது. நுரையீரலில் குறையா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: படியேறும்போதும் இளைப்பு வருமானால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரில் மட்டுமே என்றால், குறை பெரும்பாலும் மூச்சு விடும் முறையில்தான் இருக்கும். முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்து, தலையைத் திருப்பும் அந்தச் சிறு நேரத்தில் பழைய காற்றை வெளியேற்றவும் புதியதை இழுக்கவும் முயல்வதால், இரண்டுமே அரைகுறையாகி, உடலில் கரியமில வாயு தேங்குகிறது. மூச்சுமுட்டலுக்கு ஆக்சிஜன் குறைவைவிட இந்தத் தேக்கமே முதற்காரணம்.

இடுப்பளவு நீரில் சுவரைப் பிடித்து, முகத்தை அமிழ்த்தி, “ம்ம்ம்” என்று முனகுங்கள். மூக்கிலிருந்து சிறு குமிழிகள் விடாமல் எழவேண்டும். அது பழகியபின், தலையைத் தூக்காமல், ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கும்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வாயால் மூச்சை இழுங்கள். தலையைத் தூக்கினால் கால்கள் தாழ்ந்துவிடும்.

ஓமலூர்ப் பக்கம் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகிய சிறுவர்களுக்கு இது தானாகவே வந்தது. பெரியவர்களுக்கு அச்சம் குறுக்கே நிற்பதால் பொறுமை தேவை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்: மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்தால், முன்னறிகுறியே இன்றி நீருக்குள் மயக்கம் வரக்கூடும்.