திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

கேள்வி: ஸ்பானிஷில் எழுதிய அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதைகளும் கட்டுரைகளும் அடங்கிய மொழிபெயர்ப்புத் தொகுப்பில் நாற்பது பக்கம் தாண்டிவிட்டேன். எது கதை, எது கட்டுரை என்றே பிடிபடவில்லை. மொழிபெயர்ப்பாளர் சொதப்பிவிட்டாரா, இல்லை, எல்லோரும் புரிந்த மாதிரி நடிக்கிறார்களா?

பதில்: நடிக்கிறவர்கள் உண்டு, சந்தேகமே வேண்டாம். ஆனால் எது கதை, எது கட்டுரை என்று நீங்கள் விழித்ததற்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பில்லை. அந்தக் குழியை வெட்டியவர் போர்ஹெஸ்தான். பம்பாயில் வெளியானதாக ஒரு நாவலைக் கற்பனை செய்து, அதற்கு மதிப்புரை எழுதி, 1936இல் தன் கட்டுரைத் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். அதை நம்பி அவருடைய நண்பர் ஒருவர் லண்டனுக்கு ஆர்டரே அனுப்பினார். கூட இருந்தவருக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்? சில நிமிடங்களில் வாயால் சொல்லக்கூடிய விஷயத்தை ஐந்நூறு பக்கத்துக்கு இழுப்பானேன், புத்தகம் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு சுருக்கத்தை மட்டும் எழுதினால் போதாதா என்பது அவர் கட்சி.

அந்த நாற்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தீர்களோ? நாவல் வேகத்தில் போனால் இவரிடம் தலைதான் சுற்றும். ஃபூனெஸ் என்ற பையனின் கதையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையிலிருந்து விழுந்தவனுக்கு அப்புறம் எதுவுமே மறப்பதில்லை. 3.14 மணிக்குப் பக்கவாட்டில் பார்த்த நாய்க்கும் 3.15க்கு நேர்முகமாகப் பார்த்த நாய்க்கும் எப்படி ஒரே பெயர் என்பது அவனுடைய உறுத்தல். இதில் புரியாத சொல் ஏதாவது இருக்கிறதா? படித்த பிறகு, நாய் என்று பொதுவாகச் சொல்வதற்கே எவ்வளவு மறக்க வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கும் உறுத்துமே, அது ஆசிரியர் செய்த வேலை.

மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டிய இடம் வேறு. ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். யார் யாரை என்ன செய்தார் என்று தெரியாமல், 'ஆன', 'கொண்ட', 'பட்ட' எல்லாம் வரிசைகட்டி, வினைச்சொல் ஐந்தாவது வரியில் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தால் தாராளமாகத் திட்டலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன். இப்படிப்பட்ட கைப்பிரதிகள் என் மேசையிலும் கிடக்கின்றன.

அதே சமயம், 'வட்டச் சிதிலங்கள்' கதையின் முதல் வரியில் 'ஒருமனதான இரவு' என்று இருந்தால் பென்சிலை எடுத்துவிடாதீர்கள். ஸ்பானிஷிலும் அந்த அடைமொழி விசித்திரமானதுதான். 'காரிருள்' என்று மழுப்பியவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். (வேறொருவரின் நாவலைப் பற்றி, மூலம் மொழிபெயர்ப்புக்கு விசுவாசமாக இல்லை என்று எழுதிய ஆள் போர்ஹெஸ். அவரிடம் போய் விசுவாசக் கணக்குக் கேட்பதும் வேடிக்கைதான்.)

சரி, ஒரு நாளைக்கு ஒன்று போதும். பியர் மெனார் கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டான் கிஹோட்டே என்ற பழைய ஸ்பானிஷ் நாவலைச் சொல்லுக்குச் சொல் தானே புதிதாக எழுத முனைகிற ஆசாமி அவர். அந்த நாவலைக் கொஞ்சமாவது புரட்டியிராவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.