பாறைக்குழிக் கழிவும் கிணற்றுத் தண்ணீரும்: நிலத்தடி நீர் ஆய்வாளரிடம் கேள்வி பதில்

கேள்வி: எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிற பழைய பாறைக்குழியில ராத்திரி லாரி லாரியா ஆலைக் கழிவு கொட்டுறாங்க. "அடியில முழுப் பாறை, ஒரு சொட்டு இறங்காது"ன்னு சொல்றாங்க. நம்பலாமா சார்?

பதில்: நம்பாதீங்க. இறங்காது என்றால் உங்கள் போர்வெல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாறை கெட்டிதான், ஆனால் அதன் விரிசல்கள் வழியே தண்ணீர் ஓடும். குழியில் வெடி வைத்தபோது புது விரிசலும் விழுந்திருக்கும். கழிவை ஓரளவாவது வடிகட்டியிருக்கக்கூடிய மேல்மண்ணையும் தோண்டி எடுத்தாயிற்று. குழி நீர்மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், அதில் தேங்கி நிற்பதே நிலத்தடி நீர்தான்.

இதே பேச்சை நம்பி அமெரிக்காவில் பட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஸ்டிரிங்ஃபெலோ என்ற கல்குவாரியில் 1956 முதல் 1972 வரை உலோகப் பூச்சு ஆலைகள், டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் தயாரிப்பு ஆகியவற்றின் கழிவு சுமார் 3.4 கோடி கேலன் ஊற்றப்பட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய 13 கோடி லிட்டர். அடிப்பாறையில் நீர் புகாது என்று சொல்லித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாறையில் விரிசல்கள் இருந்தன. மாசு கீழேயுள்ள கிளென் அவான் ஊர்ப் பக்கம் நிலத்தடி நீரிலேயே நகர்ந்து போனது. 1978 மழையில் கழிவு தேங்கிய குளங்கள் உடையும் நிலை வந்தபோது, சுமார் 8 லட்சம் கேலன் கழிவுநீரை அரசே ஓடையில் திறந்துவிட்டது. குழியை மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அங்கே தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள்.

கேள்வி: எந்தக் கிணற்றுக்கு ஆபத்து என்று எப்படித் தெரியும்?

பதில்: குழியைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஒரே நாளில் தரையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் நீர் இருக்கிறது என்று அளந்து, அதை அந்தக் கிணற்றடித் தரையின் கடல்மட்ட உயரத்திலிருந்து கழியுங்கள். ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பாறைப் பகுதியில் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பக்கத்துக் கிணறு நன்றாயிருக்க, தூரத்துக் கிணறு கெட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விரிசல் போகும் வழியில்தான் மாசு போகும். இரவு பகலாக ஓடும் மோட்டாரும் அதைத் தன் பக்கம் இழுக்கும்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் வாங்கியிருக்கிறேன். போதுமா அண்ணா?

பதில்: தொடக்கத்துக்கு நல்லது, வாராவாரம் குறித்து வையுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் அது காட்டும். உப்பு ஏறினால் தெரியும், குரோமியம் என்ற நச்சு உலோகத்தைத் தனியாகக் காட்டாது. குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். டி.டி.எஸ். 600 காட்டும் தண்ணீரில் அதன் பல மடங்கு கலந்திருந்தாலும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது. முதலில் குழிக்குள் தேங்கிய கழிவுநீரையே சோதிக்கச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கிணற்றில் எதைத் தேடுவது என்று தெரியும்.

கேள்வி: காய்ச்சிக் குடிக்கலாமா?

பதில்: கூடாதம்மா. கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும்.

கேள்வி: ஒரு கிணற்றில் மழைக்குப் பிறகு மாதிரி எடுத்து "பாதிப்பில்லை" என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்தால் மழைநீர் கலந்து அளவு குறைந்து தெரியலாம். மே மாதம் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை எடுக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, குழிக்கு மேல்பக்கம், அதாவது நிலத்தடி நீர் குழியை நோக்கி வரும் பக்கம், உள்ள கிணறு ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தண்ணீரே இயல்பில் உப்புத்தான் என்று சொல்லிவிடுவார்கள். மாதிரி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். தேதி, நேரம், கிணற்றின் ஆழம் மூன்றையும் உங்கள் நோட்டிலும் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.