ரூகர் நம்பர் 1 ரைஃபிளில் சுடச்சுடக் குண்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. முன்கட்டை (பேரல் என்ற குழலுக்கு அடியில் கை தாங்கும் மரத்துண்டு) காரணமாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். ஸ்கோப் வளையங்களின் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்து, ஒரே பெட்டித் தோட்டாவில் சுட்டும் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுத் துளைகளின் கூட்டம்) பக்கவாட்டில் ஒடுங்கி, செங்குத்தாக நீள்கிறது என்றால் முதலில் முன்கட்டையைப் பாருங்கள்.

1967-ல் சந்தைக்கு வந்த இந்த ஃபாலிங் பிளாக் ரைஃபிளில் (லீவரை இறக்கினால் பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புக் கட்டி கீழே இறங்கும்) மரக்கட்டை இரண்டு துண்டு. முன்துண்டு (இனி கட்டை என்றால் இதுதான்), ரிசீவர் என்ற நடு இரும்பு உடலிலிருந்து பேரலுக்கு அடியில் நீளும் ஹேங்கர் என்ற இரும்புத் தண்டில், சாய்வாகச் செல்லும் ஒரே ஸ்க்ரூவில் தொங்குகிறது. ஹேமரின் (சுடத் தட்டும் சுத்தி) ஸ்பிரிங்கும் எஜெக்டரின் (காலி உறையை வெளியே தள்ளும் பாகம்) ஸ்பிரிங்கும் இதே ஹேங்கரைப் பிடித்துத்தான் நிற்கின்றன. ஹேமர் விழும்போது ஹேங்கர் மேலுள்ள விசை மாறும். கட்டை பேரலை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த அசைவு பேரலுக்கும் போகும். பேரல் சூடேறினால் அழுத்தமும் மாறும். கட்டை தொடுவதல்ல கோளாறு, ஒவ்வொரு குண்டுக்கும் வேறு மாதிரி தொடுவதுதான்.

லீவரைத் திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு தாள் துண்டைக் கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே நுனியிலிருந்து உள்ளே இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே தொடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சிக்கினால் அதுவே மோசமான நிலை.

பிறகு கட்டையின் பின்முகம். ரிசீவரின் முன்முகத்தில் விளக்குக்கரியை மெல்லியதாகத் தடவி, கட்டையை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். மரத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி கருப்பு படிந்திருக்க வேண்டும். இடது மூலையில் மட்டும் பொட்டுபோல ஒட்டியிருந்தால், ஸ்க்ரூ இறுகும்போது கட்டை கோணலாகத் திரும்பிப் பேரலைப் பக்கத்தில் தள்ளுகிறது. அந்தப் பொட்டை மட்டும் சுரண்டி, மறுபடி கரி தடவிப் பாருங்கள். அவசரப்பட்டால் இடைவெளி விழுந்துவிடும், எடுத்த மரம் திரும்பாது.

பேரல் பள்ளத்தை, பேரலைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் கம்பில் 120-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து, இரண்டு அஞ்சலட்டை தாராளமாக நுழையும் அளவு விடுங்கள். உட்புறத்துக்கு வார்னிஷ் கட்டாயம். வெளியே பளபளப்பும் உள்ளே வார்னிஷ் படாத வெறும் மரமுமாக இருந்தால் ஈரக் காற்றில் ஊதி மீண்டும் தொடும்.

இதற்கும் அடங்காவிட்டால் ஹேங்கர் நுனிக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓ-ரிங்கோ நியோபிரீன் துண்டோ வையுங்கள். அது ஹேங்கரின் அதிர்வை அடக்கும். பலன் தெரிந்தால், ஹேங்கர் நுனியில் துளையிட்டு மரையெடுத்து, பேரலைத் தொடும் செட் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) போடலாம். கால் சுற்றுக்கு ஒரு தடவை 5 குண்டு குரூப் சுட்டு, இடையில் பேரலை ஆறவிட்டு, நல்ல இடத்தில் நிறுத்துங்கள். குண்டு விழும் இடம் மாறும், ஸ்கோப்பைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். துளை போடுவதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள். அது மாற்ற முடியாத வேலை.

சுடும்போது மணல்மூட்டையைக் கட்டை நுனியில் வைக்காதீர்கள், ரிசீவரை ஒட்டி வையுங்கள். நுனியில் தாங்கினால் ரைஃபிளின் எடை கட்டையை வளைத்துப் பேரலில் முட்டவைக்கும். சில மாடல்களில் வார் மாட்டும் வளையம் கட்டையிலேயே இருக்கும். வாரை இறுக்கிச் சுட்டால் அதுவும் கீழே இழுக்கும்.

கட்டை ஸ்க்ரூவை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு இறுக்குங்கள். சரியான இறுக்கத்தில் அதன் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று பென்சிலால் மரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தால், துடைக்கக் கழற்றினாலும் திரும்ப அங்கேயே நிறுத்தலாம்.