வாழ்த்து அட்டையில் ஊசி நூல் இல்லாமல் தையல் போட்டது போலக் காட்டுவது எப்படி?

ஓரத்தில் ஜெல் பேனாவால் விட்டு விட்டுக் கோடு போட்டுப் பார்த்தேன், தையல் மாதிரியே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். வெறும் விட்டு விட்டுப் போட்ட கோட்டைப் பார்த்தால், கத்தரிக்கோலால் இங்கே வெட்டவும் என்று படிவங்களில் போட்டிருப்பார்களே, அதுதான் நினைவுக்கு வரும். கண்ணை நம்ப வைப்பது கோடு இல்லை, துளைதான். ஊசி உள்ளே போன இடம் தெரிந்தால்தான் மேலே கிடப்பது நூல் என்று மனம் ஒப்புக்கொள்ளும்.

அதனால் முதலில் துளை. ஒரு கிராஃப் தாளில் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போட்டு, அதில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள் (எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்பது தையலைப் பொறுத்தது, கீழே சொல்கிறேன்). அதை அட்டையின் மேல் வைத்து, அடியில் பழைய மௌஸ் பேடோ நாலாக மடித்த துணியோ வைத்து, குண்டூசியால் நேராகக் குத்துங்கள். நுனி இறங்கினால் போதும், ஊசியின் பருமன் முழுதும் இறங்க வேண்டாம். எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் குத்த வேண்டும். பின்னாலிருந்து குத்தினால் துளையைச் சுற்றிக் காகிதம் மேடாகப் பிதுங்கி நிற்கும், அதன் மேல் பேனா ஓடாது. தையற்காரர்கள் துணியில் அடையாளம் வைக்கும் பல் சக்கரம் இருந்தால் ஸ்கேல் ஓரமாக உருட்டி விடலாம். ஆனால் அது பெரும்பாலும் பள்ளம்தான் போடும், கெட்டி அட்டையைத் துளைக்காது. அந்தப் பள்ளங்களை ஊசியால் ஒருமுறை குத்தி விடுங்கள்.

அடுத்தது, எந்தத் தையலைக் காட்டப் போகிறீர்கள் என்பது. இதை யோசிக்காமல் போட்டால்தான் போலி என்று தெரிந்துவிடுகிறது. கையால் நூல் ஓட்டும்போது ஒரு தையல் மேலே, அடுத்தது அடியில் போகும். ஆகவே நடுவே இடைவெளி உண்டு; 4 மில்லிமீட்டர் கோடு, 2 மில்லிமீட்டர் இடைவெளி எனக்குப் பிடித்த அளவு. மெஷின் தையலில் அந்த இடைவெளியே கிடையாது. ஒரு தையல் முடியும் துளையிலேயே அடுத்தது தொடங்கும். அதற்கு 3 மில்லிமீட்டருக்கு ஒரு துளை குத்தி, துளையை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் கோடாக்குங்கள். கருநீல அட்டையில் கடுகு மஞ்சள் ஜெல் பேனாவால் இப்படி இரண்டு வரிசை, 6 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டால் ஜீன்ஸ் துணியேதான்!

கோடு போடும்போது பேனா முனை துளைக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் மை தேங்கிக் கறையாகிவிடும். துளையைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளித் தொடங்கி, அடுத்த துளைக்கு ஒரு மயிரிழை முன்னால் எடுத்துவிடுங்கள். பிறகு அதே கோட்டின் நடுவில் மட்டும் இன்னொரு முறை லேசாக ஓட்டுங்கள். நிஜ நூல் நடுவில் புடைத்து, இரு முனையிலும் துளைக்குள் இறுகி ஒடுங்கித்தானே இருக்கும்? அந்த வடிவம் வந்துவிடும். ஒன்றிரண்டு தையல் இம்மி சாய்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள், ஸ்கேல் வைத்துச் சீராக்க வேண்டாம். மை நன்றாகக் காய்ந்த பிறகு, கூராகச் சீவிய பென்சிலால் ஒவ்வொரு தையலுக்கும் கீழே மெல்லிய நிழல் கோடு. நாலு பக்கமும் நிழல் ஒரே திசையில்தான் விழ வேண்டும். செங்குத்து ஓரங்களில் வலப்பக்கம் என்று முடிவு செய்தால் இரு ஓரத்திலும் வலப்பக்கமே.

மூலைகளில் கட்டாயம் ஒரு துளை வர வேண்டும். நான் முதலில் நாலு மூலையையும் குத்திவிட்டு, நடுவில் மிச்சமிருப்பதைத்தான் பங்கு போடுவேன்.

கையால் செய்த சொரசொரப்பான காகிதம் என்றால் ஜெல் பேனா நாரில் மாட்டித் திக்கும். அங்கே தையல் விழும் தடத்தை மட்டும் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்துவிட்டால் வழுவழுப்பாகிவிடும். வழவழப்பான பளபள அட்டையில் பிரச்சினை வேறு, மை காய நேரமாகும். மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், கை படாது.

இன்னொன்று. அக்காவுக்குச் செய்த அட்டையில் நேராக அட்டை மேலேயே குத்திவிட்டேன். திறந்தால் எழுதும் பக்கமெல்லாம் பொத்தல். அவ்வளவு நேரம் உட்கார்ந்து செய்தது, மனசு கேட்கவே இல்லை. அப்புறம் எப்போதும் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள) தாளைத் தனியாக வெட்டி, அதில் தையலை முடித்துவிட்டுத்தான் அட்டையில் ஒட்டுகிறேன்.

ஒட்டுவதற்கு முன் கடைசி இரண்டு துளையில் மட்டும் நிஜ நூலைக் கோத்து, முன்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு அரை அங்குல வால் விடுங்கள். நூல் உங்கள் மை நிறத்திலேயே இருக்கட்டும். பார்ப்பவர் அந்த வாலைத்தான் முதலில் தொடுவார், மற்ற தையலை விரலால் தடவிப் பார்க்கும் வரை கண்டுபிடிக்க மாட்டார்.