ஒரே லூப்பில் நட்சத்திரப் பிரமிடு அச்சிட முடியுமா?

லூப்புக்குள் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) போடாமல் ஐந்து வரி நட்சத்திரப் பிரமிடை அச்சிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ரொம்பச் சுலபம்.

போன மழைக்காலத்தில் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில், அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகள் இதே கணக்கை வைத்துக்கொண்டு தவித்தாள். "சித்தி, வெளி லூப் புரியுது. உள்ள இருக்கிறது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னுதான் தெரியல" என்றாள். கரண்ட் இல்லை, லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. அடுப்படியில் மலைப்பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டை விரித்து, கட்டத்துக்கு ஒரு பூண்டுப் பல்லாகப் பிரமிடை அடுக்கச் சொன்னேன்.

1, 3, 5, 7, 9 என்று வைத்தாள். மொத்தம் 25 பல். இடப்பக்கக் காலிக் கட்டங்களை எண்ணி 4, 3, 2, 1, 0 என்று எழுதினாள். வலப்பக்கத்தையும் எண்ணப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "இது எதுக்கு? கடைசி பல்லோட அடுத்த வரிக்குப் போயிடலாமே!" சரியான பிடி அது. வலப்பக்க இடைவெளியை அச்சிடத் தேவையே இல்லை.

இப்போது எண்களைப் பாருங்கள். காலிக் கட்டத்தையும் வரி எண்ணையும் கூட்டினால் எந்த வரியிலும் 5. நட்சத்திரம், வரி எண்ணின் இரு மடங்கில் ஒன்று குறைவு. அவ்வளவுதான் முழுக் கணக்கும். லூப்பின் வேலை, வரி எண்ணை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது மட்டுமே. பைத்தானில் சரத்தை (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடரை) எண்ணால் பெருக்கினால் அத்தனை முறை திரும்ப வரும். அதனால் லூப்புக்குள் அச்சிட வேண்டியது இது ஒன்றுதான்:

" " * (5 - வரி) + "*" * (2 * வரி - 1)

(பைத்தான் 3-இல், மதிப்பைத் தாங்கும் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.)

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். லூப்புக்கு வரி எண்களைத் தரும் ரேஞ்சுக்குள் (range) வெறும் 5 கொடுத்தால் எண்ணிக்கை 0-வில் தொடங்கி 4-இல் நின்றுவிடும். வரி 0 ஆகும்போது நட்சத்திரக் கணக்கு -1. பைத்தான் பிழை எதுவும் காட்டாது, எதிர்ம எண்ணால் பெருக்கினால் வெற்றுச் சரம்தான் வரும். மேலே ஒரு வெற்று வரி, கீழே ஒன்பது நட்சத்திர அடிவரி காணாமல் போயிருக்கும். ரேஞ்ச்(1, 6) என்று கொடுங்கள்.

ஜாவா என்றால் 11-ஆம் பதிப்பிலிருந்து சரத்தைத் திரும்பத் திரும்ப வைக்க ரிப்பீட் (repeat) என்ற மெத்தட் உண்டு, இதே கணக்கு அப்படியே பொருந்தும். சி மொழியில் இந்த வசதி கிடையாது. அங்கே உள் லூப் எழுதுவதே தெளிவாக இருக்கும் என்பது என் கருத்து. பைத்தானிலும் அந்தத் திரும்பத் திரும்ப வைக்கும் வேலை உள்ளுக்குள் நடக்கத்தான் செய்கிறது, நாம் எழுதுவதில்லை, அவ்வளவே. ஆகவே தேர்வில் லூப்புக்குள் லூப் என்று கேட்டால் அதையே எழுதுங்கள்.

வைர வடிவமும் ஒரே லூப்பில் வரும். வரியை -4 முதல் 4 வரை ஓட விட்டு, கழித்தல் குறியை நீக்கிய மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி அதுவேதான். அதன் இரு மடங்கை 9-இலிருந்து கழித்தால் நட்சத்திரம். அக்கா மகள் இதையும் முதலில் பூண்டிலேயே அடுக்கிப் பார்த்தாள். 41 பல் ஆயிற்று.