க்யூஎம்எல் மட்டும் வைத்து 2டி விளையாட்டு எழுத முடியுமா?

உங்கள் கேள்வி இது: க்யூட் என்னும் மென்பொருள் கருவித்தொகுப்பின் திரை அமைக்கும் மொழியான க்யூஎம்எல்லில் செயலிகளுக்குத் திரை அமைத்துப் பழகியாயிற்று, அதிலேயே ஒரு 2டி விளையாட்டையும் எழுதிவிடலாமா, அல்லது தனியாக ஒரு கேம் எஞ்சின் கற்க வேண்டுமா?

எழுதலாம். ஆனால் என்ன விளையாட்டு என்று நீங்கள் சொல்லவில்லை. பதில் முழுக்க அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கட்டங்கள், சீட்டுகள், புதிர்கள் என்றால் க்யூஎம்எல்லைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. பந்து பறக்க வேண்டும், ஆள் ஓடிக் குதிக்க வேண்டும் என்றால் நிலைமை வேறு.

பதினைந்து எண் புதிரையே எடுத்துக்கொள்வோம்: நான்குக்கு நான்கு கட்டம், 15 சில்லுகள், ஒரு காலி இடம். எந்தச் சில்லு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு பட்டியல்தான் இதன் மொத்த நிலையும். இட எண்ணை நான்கால் வகுத்தால் மீதி நெடுவரிசை, ஈவு கிடைவரிசை. சில்லின் இருப்பிடத்தை இந்தக் கணக்கோடு பைண்டிங் செய்துவிட்டால், அதாவது கணக்கு மாறும்போதெல்லாம் மதிப்பும் தானே மாறும்படி இணைத்துவிட்டால், ‘நகர்த்து’ என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. பட்டியல் மாறினால் சில்லு தானாக இடம் மாறும். மதிப்பு மாறும்போதெல்லாம் அனிமேஷனை ஓட்டும் ‘பிஹேவியர்’ ஒன்றைச் சேர்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். புதிர் முடிந்ததா என்பதும் அதே பட்டியலைப் பார்க்கும் இன்னொரு பைண்டிங், அவ்வளவுதான்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, பட்டியலுக்குள் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் க்யூஎம்எல்லுக்கு அது தெரியாது. புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கி முழுதாக இட வேண்டும். இது தொல்லையாகத் தோன்றும். ஆனால் பழைய பட்டியல்களை அடுக்கி வைத்தால் ‘பின்வாங்கு’ பொத்தான் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது: முந்தைய பட்டியலை எடுத்து இட்டால் போதும், சில்லு தானே திரும்பி வழுக்கும். இரண்டாவது, பிஹேவியரை நேரடியாக எக்ஸ், ஒய் மீது வைக்காதீர்கள். சன்னலின் அளவை மாற்றும்போதும் அது விழித்துக்கொள்ளும், 15 சில்லுகளும் தள்ளாடிக்கொண்டு பின்னால் வரும். நெடுவரிசை, கிடைவரிசை என்று இரண்டு பண்புகளை வைத்து அனிமேஷனை அவற்றின் மீது போட்டு, எக்ஸையும் ஒய்யையும் அவற்றிலிருந்து கணக்கிடுங்கள். அளவு மாற்றம் உடனே நடக்கும், நகர்வு மட்டும் வழுக்கும்.

(சில்லுகளைக் கண்டபடி கலைக்க வேண்டாம். சாத்தியமான அடுக்குகளில் சரிபாதி தீர்க்கவே முடியாதவை என்று 1879இலேயே நிறுவிவிட்டார்கள். தீர்ந்த நிலையிலிருந்து சரியான நகர்வுகளாலேயே கலைத்தால் அந்தக் கவலை இல்லை.)

இந்த வகை விளையாட்டுகளுக்குப் பெரிய அளவிலான சாட்சி வேண்டுமென்றால் குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரியைப் பாருங்கள். ஜிடிகே என்னும் வேறொரு கருவித்தொகுப்பில் எழுதப்பட்டிருந்த அந்தத் தொகுப்பை 2014 முதல் க்யூஎம்எல்லைப் பயன்படுத்தும் க்யூட் குவிக்குக்கு மாற்றி எழுதினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சிறு பயிற்சிகள், நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. பாடநூல்களைவிட அதைப் படிப்பதே பயன்.

இப்போது செங்கல் உடைக்கும் பந்து விளையாட்டுக்கு வருவோம். பந்தின் இடத்தை எந்தச் சூத்திரத்தோடு பைண்டிங் செய்வது? இந்த நொடி அது இருக்கும் இடம் போன ஃபிரேமில் (திரையில் முன்பு வரையப்பட்ட படத்தில்) இருந்த இடத்தையும் அதற்குள் எதில் மோதியது என்பதையும் பொறுத்தது. இது உறவு அல்ல, வரலாறு. உறவுகளை மட்டும் அறிவிக்கும் க்யூஎம்எல் போன்ற அறிவிப்பு முறை மொழிக்கு வரலாற்றைச் சொல்ல வாய் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஃபிரேம் ஃபிரேமாக எழுதத்தான் வேண்டும். அதற்கு டைமரை நம்பாதீர்கள், இடைவெளி சீராக இருக்காது. க்யூட் 6.4இல் வந்த ‘ஃபிரேம் அனிமேஷன்’ கடந்த ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும், அதை வேகத்தால் பெருக்குங்கள். அப்போதும், நொடிக்கு 1000 பிக்சல் ஓடும் பந்து, நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 17 பிக்சல் தாவும். சிறிய பந்தும் 10 பிக்சல் செங்கல்லும் என்றால் தொடாமலே தாண்டிவிடும். இதையெல்லாம் கையால் எழுதுவதைவிட மோதல்களையும் அசைவுகளையும் கணக்கிடும் பாக்ஸ்2டி நூலகத்துக்கான க்யூஎம்எல் செருகுநிரலைச் சேர்ப்பது மேல்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. பைண்டிங் உள்ள பண்புக்கு ஜாவாஸ்கிரிப்டிலிருந்து நேராக ஒரு மதிப்பை இட்டால் பைண்டிங் ஓசையின்றி அறுந்துபோகும். பிழைச்செய்தி வராது, சில்லு மட்டும் அதன்பிறகு அசையாது. பைண்டிங் நீக்கப்படும்போது அதை நிரலின் பதிவில் (லாக்) எழுதும் வசதி க்யூட்டிலேயே உண்டு, அணைந்த நிலையில் இருக்கும். முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். விதிகளைத் தனிக் கோப்பில் வைத்து, நிலையை மாற்றும் உரிமையை அதற்கு மட்டும் கொடுத்தால் இந்தப் பொறி பெரும்பாலும் எதிரே வராது.

ஓடிக் குதிக்கும் விளையாட்டுதான் ஆசை என்றால் க்யூஎம்எல்லோடு மல்லுக்கட்டாமல் நேராக கோடோ எஞ்சினுக்குப் போய்விடுங்கள். இலவசம்தான். அங்கும் காட்சிகள் உரைக்கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன, அசைவுகளை மட்டும் அதன் சொந்த நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுவீர்கள். க்யூஎம்எல் பழகிய உங்களுக்கு அந்தப் பிரிப்பு அந்நியமாக இருக்காது.